மடிப்புப் பல்லாங்குழி: ஒரு வருடம் வகுப்பறையில் வைத்திருந்த பிறகு

போன வருடம் மே மாதம், கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடந்த நாட்களில், பூங்காவுக்கு வெளியே சாலையோரம் மரச்சாமான் பரப்பியிருந்த ஒரு அக்காவிடம் இந்தப் பல்லாங்குழியை வாங்கினேன். மீன் வடிவப் பலகை. பக்கத்துக்கு ஏழு குழி, நடுவில் கீல். மடித்தால் ஒன்றரை அடி நீளத்தில் பெட்டி மாதிரி ஆகிவிடும், சோழிகள் உள்ளேயே இருக்கும். எண்ணூற்றைம்பது சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்றதும் நூறு குறைத்து 750க்குக் கொடுத்தார்.

வீட்டில் ஷோகேஸில் வைக்க வாங்குபவர்களுக்கு நான் எழுதுவது அவ்வளவாக உதவாது. தினமும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் கைவைக்கிற இடத்தில், மூடுபனியும் மழையும் ஓயாத ஊரில், இது எப்படி உழைத்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அதைவிட முக்கியமாக, நான் எதற்காக இதை வாங்கினேனோ அந்த வேலையை இது செய்ததா என்பதையும்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. எங்கள் பள்ளியில் 31 பிள்ளைகள். அதில் ஆறு பேர் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க வந்த ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகள். நீலகிரியில் இப்போது இது பல தோட்டங்களிலும் காணும் காட்சிதான். நம் ஊர்ப் பிள்ளைகள் படித்துக் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட, தொழிலாளர்களின் லயன் வீடுகளில் வேறு மொழி கேட்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி மாற்றுச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், பிறப்புச் சான்று இல்லாவிட்டாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். அதைச் செய்துவிட்டோம். அப்புறம்? ஆறு பேரும் ஜன்னலுக்குக் கீழே இருந்த கடைசிப் பாயில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலை உணவில் கிச்சடி என்று சொன்னதும் ஒரு பையன் முகம் மலர்ந்தது, தெரிந்த வார்த்தை ஆயிற்றே. தட்டில் விழுந்தது ரவை. அவன் ஊரில் கிச்சடி என்றால் அரிசியும் பருப்பும் சேர்ந்து குழைந்தது. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிமிடம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மற்ற பிள்ளைகள் அவர்களை "இந்திக்காரப் பசங்க" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை, வீட்டில் கேட்டதைச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கூப்பிடுதல் எனக்குப் புதிதில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் இந்தியாவுக்கு என்று கணக்கு எழுதிய 5,25,000 பேரில் என் பாட்டி குடும்பமும் உண்டு. பண்டாரவளைப் பக்கத் தோட்டத்திலிருந்து கிளம்பி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் இந்த மலைக்கு வந்தார்கள். அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவர் பேசியதும் தமிழ்தான். ஆனாலும் ரொட்டியைப் "பாண்" என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்ததாம், வெகுநாள் வரை அவர் "சிலோன்காரி"தானாம்.

எப்போது அது மாறியது என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். யோசிக்கவே இல்லை, உடனே சொன்னார்: "அஞ்சாங்கல் ஆட ஒரு ஆளு குறைஞ்சுது. கூப்பிட்டாங்க." அவ்வளவுதான். பாவம் பார்த்தோ டீச்சர் சொல்லியோ கூப்பிடவில்லை. நாலாவது ஆள் இல்லாமல் ஜோடி சேர முடியவில்லை, அதனால் கூப்பிட்டார்கள். பிள்ளைகளைச் சேர்க்கும் விளையாட்டு எது என்று யாராவது கேட்டால் நான் இன்றைக்கும் அம்மா சொன்னதைத்தான் சொல்வேன். ஆள் குறைந்தால் ஆட முடியாத விளையாட்டாக இருக்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்வதற்கு முன் நான் சில தப்புகள் செய்தேன். முதலில் மைதானத்து ஆட்டங்களை நம்பினேன். கல்லா மண்ணா, ஐஸ் பாய்ஸ் எல்லாம் ஓடிப் பிடிக்கிறதுதானே, மொழி எதற்கு என்று நினைத்தேன். ஆனால் யாராவது கத்துகிற ஒரு சொல்லில்தான் ஆட்டம் திரும்புகிறது. சொல் புரியாத பிள்ளை முதலில் அவுட். அவுட் ஆனவர் சுவரோரம் நிற்க வேண்டும். இரண்டு நாளில் சுவரோரம் நிற்பது யார் என்று பார்த்தால் அந்த ஆறு பேர்தான். போதாக்குறைக்கு மைதானத்துக்குக் காட்டெருமை வந்துவிடும். வந்துவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருக்க வேண்டும்.

உள்ளே இருந்த ஒரு நாளில்தான் ராஜா ராணி மந்திரி போலீஸ் திருடன் சீட்டு போட்டோம். அது என் யோசனை. பையன் ஒருவன் சீட்டைப் பிரித்தான், தமிழ் வாசிக்கத் தெரியாது, பக்கத்தில் இருந்தவனிடம் காட்டினான். அவன் சத்தமாகப் படித்தான்: "திருடன்!" பிறகு வகுப்பே அந்தப் பையனைக் கைகாட்டி அதையே கத்தியது. அவனுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது, ஆனால் கத்திய விதம் தெரிந்துவிட்டது. அன்றோடு அந்தச் சீட்டை எடுத்துவிட்டேன். புதிதாக வந்த பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் தயவுசெய்து யாரும் அதை ஆட வைக்காதீர்கள்.

கேரம் போர்டு ஏற்கெனவே ஒன்று இருந்தது. நான்கு பேர் ஆட்டம்தான், ஆனால் பெரிய பையன்கள் அதை விட்டு நகர மாட்டார்கள். ஆகஸ்ட் மாத ஈரத்தில் பலகை வளைந்து, காய் எல்லாம் ஒரு மூலைக்கே ஓடியது. வண்ணமும் எண்ணும் போட்ட சீட்டுக்கட்டு ஒன்றும் வாங்கினேன். மொழி வேண்டாம், பிள்ளைகளுக்குப் பிடித்தது. ஆனால் அவரவர் சீட்டை அவரவர் மறைத்து வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம் அது. பக்கத்தில் உட்கார்ந்தார்களே தவிர ஒருவருக்கொருவர் பேச வேண்டிய தேவையே வரவில்லை.

சரி, பல்லாங்குழிக்கு வருகிறேன்.

வழக்கமாக இது இருவர் ஆட்டம். நான் நால்வர் ஆட்டமாக்கினேன். பக்கத்துக்கு இருவர்: முத்தை அள்ளிப் போடுகிறவர் ஒருவர், விழும் ஒவ்வொரு முத்தையும் வாய்விட்டு எண்ணுகிறவர் ஒருவர். ஒவ்வொரு முறைக்கும் மாறிக்கொள்ள வேண்டும். ஜோடியில் ஒருவர் கடைசிப் பாயிலிருந்து வர வேண்டும், அது ஒன்றுதான் என் கட்டளை. எண்ணுகிறவர் இல்லாமல் அள்ளக் கூடாது. அதனால் மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் பிள்ளைகள் தங்கள் ஜோடியைத் தேட ஆரம்பித்தார்கள். ஜன்னல் பக்கம் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அதைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு நாள் காத்திருந்தேன்.

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் 1971இல் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் செய்ததும் இந்த வகைதான். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளும் புதிதாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்த நேரம். அவர் பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மற்றவன் சொல்வதைக் கேட்காமல் யாருக்கும் முழுப் பாடமும் கிடைக்காது. பயிற்சி வகுப்பு ஒன்றில் இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அம்மாவின் அஞ்சாங்கல்தான் ஞாபகம் வந்தது.

ஆட்டத்தின் நுணுக்கம் ஒன்று சொல்ல வேண்டும், வாங்குகிறவர்களுக்கு உதவும். குழிக்கு ஐந்து முத்து வீதம் 70 முத்து போட்டு ஆடினால் ஒரு ஆட்டம் இருபது நிமிடத்துக்கு மேல் போகிறது. இடைவேளைக்குள் முடியட்டும் என்று குழிக்கு மூன்று போட்டுப் பார்த்தேன். தப்பாகப் போயிற்று. முதல் குழியை அள்ளிப் போட்டதும் அடுத்த மூன்று குழியிலும் நாலு நாலாகி, மூன்றும் பசு. நாலு முத்து சேர்ந்த குழிதான் பசு, அதை அந்தப் பக்கத்து ஜோடி எடுத்துக்கொள்ளும். தொடர்ந்து போகப் போக எல்லாமே பசுவாகி, ஒரே முறையில் பலகையில் இரண்டு முத்துதான் மிச்சம். பக்கத்துக்கு இருபது முத்து, எதிரில் இருந்த ஜோடி கையை நீட்டவே இல்லை. நான்கு போட முடியாது, தொடங்கும்போதே எல்லாம் பசு. ஆகவே ஐந்துதான். மணி அடித்தால் நிறுத்தி, அவரவர் குவியலை எண்ணி, அதோடு முடித்துக்கொள்கிறோம். இதில் யாரும் அவுட் ஆகிச் சுவரோரம் நிற்பதில்லை என்பதையும் கவனியுங்கள். தோற்கிறவரும் கடைசி வரை பலகை முன்னால்தான் இருக்கிறார்.

வாய்விட்டு எண்ணுவது எந்த மொழியில் என்று நான் முதலில் சொல்லவில்லை. தமிழில் எண்ணினால் தமிழும் வந்துவிடுமே என்ற ஆசை எனக்கு இருந்தது. புதிய பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. அப்புறம் விதியை மாற்றினேன்: எண்ணுகிறவர் வீட்டில் பேசுகிற மொழியில் எண்ண வேண்டும். எல்லாரும்தான்.

அது அக்டோபர் மாதம், வடகிழக்கு மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் படுகர் வீட்டுப் பையன் எண்ணினான்: "ஒந்து, எரடு, மூரு, நாக்கு." நாக்கு என்றதும் ஒரே சிரிப்பு, அவனும் நாக்கை நீட்டிக் காட்டினான். சந்தாலி பேசும் வீட்டுப் பையன் மூன்றுக்குப் "பே" என்றான். அதற்கு அதைவிடப் பெரிய சிரிப்பு, பேய் வந்துவிட்டது என்று. அவனும் சிரித்தான். அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, எல்லாருக்கும் அன்று ஒரு முறை சிரிப்பு விழுந்தது என்பது அவனுக்குப் புரிந்திருந்தது.

அடுத்து மூன்றாம் வகுப்புச் சிறுமி. ஜூன் மாதத்திலிருந்து அவள் குரலை நான் சரியாகக் கேட்டதில்லை. ஒரு முத்து விழுந்தது, இரண்டாவது விழுந்தது. அவள் சொன்னது மழையில் எனக்குக் கேட்கவில்லை. மூன்றாவதுக்கு "மூந்த்" என்றாள். நாலாவதுக்கு "நாஃக்." ஐந்துக்குப் "பஞ்சே" என்று வேறு பக்கம் போய்விட்டாள்.

படுகர் வீட்டுப் பையன்தான் முதலில் கத்தினான்: "டீச்சர், அவ நம்ம மாதிரியே எண்ணுறா! நாக்குன்னு சொல்றா!"

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்தபோது வடதிராவிட மொழிகள் குரூக், மால்தோ, பிராகுயி என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். தமிழில் மூன்று, மலையாளத்தில் மூன்னு, தெலுங்கில் மூடு, கன்னடத்தில் மூரு, துளுவில் மூஜி என்ற பட்டியலையும் ஒப்பித்திருக்கிறேன். அந்தக் குரூக் பேசும் ஒரு குழந்தை என் வகுப்பில் ஜன்னலுக்குக் கீழே நான்கு மாதமாக உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மாலை அவள் அப்பா அழைத்துப்போக வந்தபோது, எனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில் கேட்டேன். ஆமாம், ஒராவன் பழங்குடி, வீட்டில் குரூக்தான் என்றார். இந்தி அவளுக்கும் பள்ளிக்கூட மொழிதானாம், வீட்டு மொழி இல்லையாம். நாங்கள் அவளை இந்திக்காரி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கரும்பலகையில் மூன்று என்ற எண்ணை வரிசையாக எழுதினேன். மூன்று, மூன்னு, மூடு, மூரு, மூஜி, மூந்த். கடைசியில் அந்த "மூந்த்" எழுதியது அவள் கை. அதற்குப் பக்கத்தில் சந்தாலிப் பையனின் "பே"யையும் எழுதினோம். அது வேறு குடும்பத்து மொழி, முண்டா மொழிகளைச் சேர்ந்தது. நம் மொழிக்குச் சொந்தம் என்றால்தான் மதிப்பு என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது, அதனால் "பே"யைத்தான் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன்.

நவம்பரில் பெண் பிள்ளைகள் பலகையை விட்டுவிட்டு வராந்தாவில் கட்டம் போட ஆரம்பித்தார்கள். ஜார்க்கண்ட் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்த "கித் கித்." நம் பாண்டியாட்டம்தான், ஆனால் நொண்டியடிக்கும்போது மூச்சு விடாமல் கித் கித் கித் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும், சடுகுடு பாடுகிற மாதிரி. மூச்சு விட்டால் போச்சு. இப்போது சொல்லிக்கொடுக்கிறவர்கள் அவர்கள். நான் வாங்கிய பொருளின் வேலை அதோடு பாதி முடிந்துவிட்டது என்றே சொல்வேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். ஒரு பையனுக்குப் பல்லாங்குழி கடைசி வரை பிடிக்கவில்லை, அவன் கோலி குண்டோடுதான் திரிந்தான், இருக்கட்டும். அண்ணன் தம்பியாக வந்த இருவரில் அண்ணனுக்கு நண்பர்கள் கிடைத்தார்கள், தம்பி இன்னமும் அண்ணன் வகுப்பு வாசலில்தான் நிற்கிறான். டிசம்பரில் ஒரு குடும்பம் வால்பாறைத் தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் அந்த வீட்டுப் பெண்ணின் ஜோடி தனியாக உட்கார்ந்திருந்தாள். கூலி கிடைக்கும் இடத்துக்குப் போகிற குடும்பத்தை எந்தப் பலகையும் பிடித்து வைக்காது.

இனி பொருளின் குறைகள். கீல் பித்தளை என்று சொல்லித்தான் கொடுத்தார், ஆனால் திருகாணி இரும்பு. ஜூலை மாதமே துருப்பிடித்துவிட்டது. செப்டம்பரில் மரம் உப்பி, கொக்கி மாட்டவில்லை. மாதம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தடவி, சத்துணவுக் கூடத்து அலமாரியில் அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்க ஆரம்பித்த பிறகு தேவலை. மலையில் இருப்பவர்கள் வாங்கிய அன்றே எண்ணெய் தடவிவிடுங்கள். குழி இரண்டரை அங்குல அகலம், இது பெரிய நன்மை, நாலு கை ஒரே நேரத்தில் போனாலும் இடிக்கவில்லை. கூடவே வந்த ஆட்ட விதித் தாள் முழுக்க ஆங்கிலம். அதை வைத்துவிட்டுப் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் படமாக வரைந்து ஒட்டினேன்.

இரண்டாவதாக இணையத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகை வரவழைத்தேன். விலை பாதிக்கும் குறைவு. எடையே இல்லை, ஒரு பிள்ளை முழங்கை பட்டால் எழுபது முத்தும் தரையில். குழியும் சின்னது. ஈரத்துக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மை, ஆனாலும் நால்வர் ஆட்டத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

முத்து விஷயம். மரப்பலகையோடு 72 சோழி வந்தது, தீபாவளிக்குள் 60க்கு வந்துவிட்டது. புளியங்கொட்டை போட்டோம், நன்றாகவே இருந்தது. பிறகு குரூக் சிறுமி ஒரு நாள் பாவாடை மடியில் தேயிலைக் கொட்டை கொண்டுவந்தாள், கவாத்துக்குத் தப்பிய ஓரத்துச் செடிகளின் அடியில் அவள் அம்மா பொறுக்கியது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் உருண்டை, குழியில் பத்துக்கு மேல் சேர்ந்தால் வழிந்து ஓடும். அதைக் குழிக்கு ஒன்று மட்டும் கலந்து வைத்திருக்கிறோம், அவள் கொண்டுவந்தது பலகையில் இருக்க வேண்டும் என்பதற்காக.

குன்றிமணி மட்டும் வேண்டாம். சிவப்பும் கறுப்புமாக ஆசையாக இருக்கும். பாட்டி சொல்வார், இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களப் பெண்கள் இதே மாதிரிக் குழிப்பலகையில் குன்றிமணி போட்டு ஆடுவார்களாம், அதற்கு ஒலிந்த என்று பெயராம், தோட்டத்துப் பிள்ளைகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார்களாம். ஆனால் அதைக் கடித்து விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது.

மார்ச் மாதம் கீல் ஒரு பக்கம் முழுவதுமாகக் கழன்றுவிட்டது. ஒரு பையனின் அப்பா, கட்டட வேலை செய்கிறவர், அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போனார். பழைய பெல்ட்டை வெட்டி, மூன்று இடத்தில் ஆணி அடித்துக் கொண்டுவந்தார். இப்போது சரியாக மூடாது, முத்துகள் பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஆனால் விரித்தால் முன்பைவிட நேராகப் படிகிறது. வாங்கப் போகிறவர்கள் பலகையைக் கையில் எடுத்ததும் கீலை இரண்டு முறை ஆட்டிப் பாருங்கள், திருகாணியில் காந்தம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. இந்த மே மாதமும் அந்த அக்கா பூங்காவுக்கு வெளியே கடை போட்டால் இன்னொன்று வாங்குவேன். வாட்ஸ்அப்பில் கேட்டு வைத்திருக்கிறேன், கீல் இல்லாத ஒரே பலகையாகச் செய்து தர முடியுமா என்று.